தேறாதவள்

மகள் மூன்றாவது தடவையும் தேறவில்லை என்ற சேதி, ஈரப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்றிருந்த ரோலரக்காவுக்கு வந்து சேர்ந்தது.

சலவைக்கூடத்துக்குள் யாரும் போனைக் கொண்டுபோவதில்லை. அங்கே இருக்கிற நீராவிக்கு அது சீக்கிரமே உயிரை விட்டுவிடும். வாசலை ஒட்டிய மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணி அடித்தால் மேற்பார்வையாளர் எடுத்துப் பேசுவார். அவசரம் என்று அவருக்குத் தோன்றினால் வந்து சொல்வார். இயந்திர இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருப்பார். வேலை செய்கிறவர்களுக்கு அவர் பெயரே விசில்தான்.

விசில் ஊதினார். ரோலரக்கா திரும்பினாள். பள்ளிக்கூடத்திலிருந்து பேசினார்கள், உன் பெண் இந்தப் பரீட்சையிலும் போய்விட்டாளாம், நாளைக் காலையில் உன்னை வரச் சொன்னார்கள் என்றார். காதோடு காதாகச் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார். கூடத்தில் பாதிப் பேருக்குக் கேட்டுவிட்டது.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விரிப்பின் மூலையைத் தேடி எடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் துணி முழுக்க அங்கேதான் வெளுக்க வரும். துவைத்துப் பிழிந்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் மலை மாதிரி குவித்து ரோலருக்குக் கொண்டுவருவார்கள். ரோலர் என்பது ஒரு பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இயந்திரம். உள்ளே கொதிக்கிற உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து விரிப்பை விறைப்பாக இழுத்து உள்ளே கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இழுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் அசந்தாலும் போதும், உள்ளே சுருண்டு போய், மறுபக்கம் அழிக்க முடியாத மடிப்போடு வெளியே வரும். அந்த இடத்தில் வருஷக்கணக்காக நிற்பதால்தான் அவளுக்கு ரோலரக்கா என்ற பெயர். விரிப்பின் அடுத்த மூலையைப் பிடிக்கிறவள் எதிர்முனைக்காரி. வாய் ஓயாதவள்.

"என்னவாம்?" என்றாள் எதிர்முனைக்காரி.

"அதான் ஊருக்கே கேட்டுச்சே."

"கேட்டுச்சு. நீ சொல்றியான்னு பார்த்தேன்."

"எழுத்துக் கூட்டிக்கூட படிக்க வரல அவளுக்கு. அடுத்த வருஷம் தாவணி போடற உயரம் வந்துடுவா."

"விடு. என் பையன் எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டு என்னத்தைக் கிழிச்சான்? கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டு, அம்மா டீ எங்கங்கறான். உன் பொண்ணாவது தானே போட்டுக் குடிக்கும்."

ரோலரக்கா சிரிக்கவில்லை. மூலையைப் பிடி, கோணுது என்றாள்.

அவர்கள் வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை. வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படிக்கட்டு. கீழே பகல் முழுக்கச் சுத்தியலும் காற்றடிக்கும் குழாயும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். கடைக்காரன் இருட்டத் தொடங்கும்போதே ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவான். அதற்குமேல் அந்தத் தெருவில் பேச்சுச் சத்தம் இருக்காது. சுற்றிலும் கிடங்குகள்தான். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எப்போது வருவார், எப்போது போவார் என்பதைச் சரக்குதான் தீர்மானிக்கும். வந்தால் இரண்டு நாள் தூங்குவார். எழுந்து மகளுக்கு இரண்டு வேடிக்கை சொல்வார். கிளம்பிவிடுவார்.

மகளுக்குப் பூனை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நடக்கிற சத்தமே கேட்காது. எங்கே இருக்கிறாள் என்று தேடினால் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள்.

ரோலரக்காவுக்கு மத்தியான ஷிப்டு. பூனை பள்ளிக்கூடம் போன பிறகு கிளம்பி, பூனை தூங்கின பிறகு வருவாள். முகம் பார்த்துப் பேசுவதென்றால் காலையில் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரமும் திட்டுவதிலேயே போய்விடும். சோற்றையும் முட்டையையும் தட்டுப்போட்டு மூடிவைத்துவிட்டுப் போனால், அதை வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து தின்று, பருக்கையை அங்கேயே சிந்தி வைத்திருப்பாள். இரண்டு அறையிலும் குளியலறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ரேடியோ அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அவள் மட்டும் சுருண்டு தூங்குவாள். யாருடி இங்கே விருந்து வைக்கிறாங்க, இத்தனை விளக்கு எதுக்கு என்று ரோலரக்கா காலையில் தொடங்குவாள். பூனை பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

லாரி வேலையை நம்பி ஊர் ஊராக மாறியதில் பூனைக்குப் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. எழுத்து சொல்லிக்கொடுக்கிற வருஷத்தில் பாதி நாள் அவள் எந்தப் பள்ளியிலும் இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வரி படிக்கத் தெரியவில்லை என்பது வெளியே வந்தது. அரசாங்கம் அந்த வருஷம்தான் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தது. எழுதப் படிக்க, கூட்டக் கழிக்க வராத பிள்ளைகளைத் தனியாகப் பொறுக்கி, பள்ளி விட்ட பிறகு இருட்டும்வரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது. அதற்கென்று தனியாக ஒரு டீச்சர், ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட். பேர் அடிப்படைத் திறன் வகுப்பு. மற்ற பிள்ளைகள் அதற்கு மக்கு வகுப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேர்தான் நிலைத்தது.

மறுநாள் காலையில் ரோலரக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்த வகுப்பு நடக்கிற இடம் முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கிற அறையாக இருந்தது. ஒரு மூலையில் இன்னும் சில கிடந்தன. சுவரில் பிள்ளைகள் வெட்டி ஒட்டின எழுத்துகள். ஜன்னல் விளிம்பில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். டீச்சர் சின்னப் பெண். பள்ளிக்கூடத்து வாத்தியார்களோடு சேர்த்தி இல்லை. இந்தத் திட்டத்துக்காக மட்டும் எடுத்த ஆள். பிள்ளைகள் அவளை வகுப்பக்கா என்று கூப்பிடும்.

உட்காருங்கக்கா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பூனையைப் பற்றிச் சொன்னாள். வேளை தவறாமல் வருகிறாள். எல்லாருக்கும் முன்னால் வந்து கதவுகிட்டே நிற்கிறாள். திக்கிப் பேசுகிற பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கிறாள். கடைசியாகப் போகிறவளும் அவள்தான். ஆனால் பரீட்சை என்று வந்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறாள்.

"மண்டையில ஏதாவது கோளாறு இருக்குமா டீச்சர்? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

வகுப்பக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அப்படி நினைக்காதீங்க."

அவள் கூப்பிட்ட காரணம் வேறு. பரீட்சை வைக்க வருகிற அதிகாரி இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதல் பரீட்சையில் ஒருத்தி தேறினாள், அவளை வெளியே அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. பலன் இல்லாத இடத்தில் எதற்கு வகுப்பு என்று மேலே கேட்கிறார்கள். தேறாமல் போன பிள்ளைகளுக்காக மழை முடிந்ததும் இன்னொரு தடவை வருவார். அப்போதும் யாரும் தேறாவிட்டால் வகுப்பை மூடி, அந்தப் பாலையும் பிஸ்கட்டையும் டீச்சரையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

"மத்த பிள்ளைங்க?" என்று கேட்டாள் ரோலரக்கா.

"மத்தவங்க யாருக்கும் இப்போதைக்கு வராதுக்கா. இன்னும் நாள் ஆகும். வந்தா உங்க பொண்ணுக்குத்தான் வரணும்."

அந்தப் பேச்சு ரோலரக்காவுக்குப் புரியவில்லை. எல்லாரையும் விட்டுவிட்டு என் பெண் தலையில் எதற்கு இந்தப் பாரம் என்று எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை ஷிப்டு முழுக்க விரிப்புகளின் மேல் காட்டினாள். மீந்ததை மறுநாள் காலையில் பூனையின் மேல் காட்டினாள். மக்கு என்றாள். மரமண்டை என்றாள். உங்கப்பன் வம்சத்துக்கே படிப்பு ஏறாது என்றாள். மூணு பரீட்சை, ஒரு தடவையாவது எனக்குத் தலை நிமிர வழி விட்டியா என்று கேட்டாள். பூனை ரொட்டியை டீயில் நனைத்து நனைத்துத் தின்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, திட்டி முடித்துவிட்டாயா என்று கேட்பதுபோல அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் படி இறங்கினாள்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட மைதானம் குளமாகி, லீவு விட்டார்கள். டயர் கடைக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் பூனையைத் தனியாக விட்டுப்போக ரோலரக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை. சலவைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விசில் முகத்தைச் சுளித்தார். பிறகு, இயந்திரத்துப் பக்கம் வந்தால் எனக்கு வேலை போய்விடும், பிரிக்கிற அறையில் உட்காரட்டும் என்றார்.

பிரிக்கிற அறையில்தான் வெளுத்து மடித்த துணிகளை ஆஸ்பத்திரியின் எந்தப் பிரிவுக்கு எது என்று பார்த்து அலமாரியில் அடுக்குவார்கள். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் பிரிவின் பெயர் மையால் குத்தியிருக்கும். வெளுத்து வெளுத்து மங்கிப் போயிருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்ணைக் கூடத்தில் சோடாபுட்டி என்பார்கள். அன்றைக்கு மழையில் ஓடிவந்ததில் அவளுடைய கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டது.

பாய்லர் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று விசில் நீளமாக ஊதினார். ரோலர் நின்றது. கூடம் முழுக்க ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. கூரையில் மழை விழுகிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. ரோலரக்கா கையைத் துடைத்துக்கொண்டே மகளைத் தேடிப் போனாள். பிரிக்கிற அறை வாசலில், மடித்த துணிகளின் அடுக்குக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

உள்ளே சோடாபுட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பூனை மூட்டையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது?"

"எலும்பு முறிவுப் பிரிவு."

"இது என்னம்மா, பாதி அழிஞ்சு கிடக்கு?"

"தீவிர சிகிச்சை. இது குழந்தைகள் பிரிவு. அடியில இருக்கறது தொற்றுநோய்... தொற்றுநோய் தடுப்பு. அக்கா, அதைத் தனியா வைங்க."

ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எழுத்துக் கூட்டவில்லை. ஊர்க்கதை பேசுகிறவள் மாதிரி, காலை ஆட்டிக்கொண்டு, வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பெத்தா உன்னைப் போல ஒண்ணு பெக்கணும், கண்ணாடிக்கே வேலையில்ல என்றாள் சோடாபுட்டி. பூனை சிரித்தாள். ரோலரக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நிமிர்ந்தவள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

கூடத்தை மூடிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அம்மாவும் மகளும் தண்ணீருக்குள் நடந்தார்கள். பகலாக இருந்தும் சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது. ரோலரக்கா ஒரு மூலையைப் பிடித்திருந்தாள். பூனை ஒரு மூலையைப் பிடித்திருந்தாள். கிடங்குத் தெரு திரும்புகிற இடத்தில்தான் ரோலரக்கா கேட்டாள்.

"எப்போலேர்ந்து படிக்க வருது உனக்கு?"

பூனை தண்ணீரில் மிதந்து வந்த குச்சியைக் காலால் ஒதுக்கினாள்.

"உன்னைத்தான்டி கேக்கறேன். அடிக்க மாட்டேன், சொல்லு."

"ரெண்டாவது பரீட்சைக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"அப்புறம் எதுக்குப் படிக்கத் தெரியாத மாதிரி நின்ன?"

"பாஸ் பண்ணா பேரை எடுத்துடுவாங்கம்மா. என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாளே, அவளை எடுத்துட்டாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. மறுநாள் அவ கேட்டுக்கு வெளியே நின்னா. வாட்ச்மேன் உள்ள விடல."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவள் மாதிரி கேட்டாள். ரோலரக்காவின் கண்முன்னே மூன்று விளக்கும் ரேடியோவும் படிக்கட்டில் சிந்தின பருக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஓடியது.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"பயமெல்லாம் இல்ல. கடையை மூடிட்டா ரொம்ப நேரமா இருக்கும். அங்க இருந்தா சீக்கிரம் இருட்டிடும். வந்து சாப்பிட்டுத் தூங்கிடலாம்."

"நான் உன்னை மக்கு மக்குன்னு திட்டினேனேடி. வாயைத் திறக்காம வாங்கிக்கிட்டியே."

"பரவால்லம்மா." பூனை தன் பக்கத்து மூலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். "திட்டும்போது நீ வீட்டுல இருப்பல்ல."

வீடு வந்தபோது டயர் கடைக்காரன் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். என்னக்கா, இன்னைக்கு சீக்கிரம் என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். மேலே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மகளுக்குத் தலை துவட்டிவிட்டாள். முட்டையைப் பொரித்து இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றார்கள். பூனை அன்றைக்கு ஒரு விளக்குதான் போட்டாள்.

மழை விட்டதும் ரோலரக்கா விசிலிடம் போய் நின்றாள். காலை ஷிப்டு வேண்டும் என்றாள். விசில் நல்லவர்தான். ஆனால் காலை ஷிப்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் கைக்குழந்தைக்காரிகள். அவர்களில் ஒருத்தியை மத்தியானத்துக்கு மாற்றினால் அந்தக் குழந்தையை யார் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டார். உன் பெண் வளர்ந்தவள், தானே கதவைப் பூட்டிக்கொள்ளத் தெரிந்தவள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எதிர்முனைக்காரி, எனக்கு ஒரு பக்கம் வலிக்கிறதென்று படுத்துக்கொள், ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபக்கம் வலிக்கிறதென்று சொல் என்று யோசனை சொன்னாள். அதற்கு மட்டும் ரோலரக்கா கொஞ்சம் சிரித்தாள்.

லாரிக்காரர் வழியில் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடகடவென்று சிரித்தார். நான்தான் சொன்னேனே, அது பூனை, கண்ணை மூடிக்கிட்டுப் பால் குடிச்சிருக்கு என்றார். வாத்தியாரையே ஏமாத்தியிருக்கா பாரு, என் ரத்தம் என்றார். எதற்காக என்பதையும் ரோலரக்கா சொன்னாள். அந்தப் பக்கம் வேறு லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கடைசியில் இவள்தான் கேட்டாள்.

"ஆச்சு. இங்க ஒரு கடை. யாருமில்ல, நான் மட்டும்தான்" என்றார். சரக்கு இறக்கிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

வகுப்பக்காவிடம் போனபோது ரோலரக்கா சண்டைக்கென்றே போனாள். நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆனால் முதல் கேள்விக்கே வகுப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரியுமா?"

"சுவத்துல எழுத்து ஒட்டியிருக்கே, அதுல ஒண்ணு தலைகீழா இருந்துச்சு. நான் வெளியே போயிருந்தப்ப அவதான் திருப்பி ஒட்டியிருக்கா. அப்புறம் கவனிச்சேன். அந்தத் திக்கற பையனுக்கு நான் பார்க்காதப்ப மெதுவா சொல்லித் தர்றா. பரீட்சையில மட்டும் ஒண்ணும் வராது. ஏன்னு கேட்டேன். அழுதா. விட்டுட்டேன்."

"நீங்க சொல்லியிருந்தா நான் அவளைத் திட்டியிருக்க மாட்டேனே டீச்சர்."

"சொன்னா அவளை வெளியே அனுப்பணும்க்கா. அனுப்ப மனசு வரல. வகுப்பையே மூடற அளவுக்கு வரும்னு நினைக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் இங்கேருந்து போனா ஒரு ரூம்தான். சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

சண்டை அதோடு முடிந்துபோயிற்று. தேறின பிறகும் சும்மா ஓரமாக உட்கார்ந்திருக்க விடுவார்களா என்று ரோலரக்கா கேட்டாள். பாலும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம், ஒரு பெஞ்சில் மூலையில் கிடப்பாள் என்றாள். வகுப்பக்கா ஏற்கனவே கேட்டுப் பார்த்துவிட்டாள். திட்டத்தில் பேர் இல்லாத பிள்ளை பள்ளி விட்ட பிறகு வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் கைவிரித்துவிட்டார்.

ஆக, பூனை தேறினால் பூனைக்கு வகுப்பு இல்லை. தேறாவிட்டால் யாருக்குமே வகுப்பு இல்லை.

அதை ரோலரக்கா காலையில் டீ குடிக்கிறபோது மகளிடம் சொன்னாள். நீ இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள். பூனை ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"மத்தவங்களுக்கும் இருக்காதா?"

"இருக்காதாம்."

"அவனுக்கு இப்பதான் ரெண்டு எழுத்து சேர்த்துச் சொல்ல வருது. அவன் வேற யார்கிட்டயும் பேச மாட்டான்மா. சிரிப்பாங்கன்னு." ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து உருட்டினாள். "அக்கா எங்க போவாங்க?"

"வேற பள்ளிக்கூடம். எங்கன்னு தெரியாது."

பூனை தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையை மாட்டினாள். அன்றைக்குத் திட்டு இல்லை. இருந்தாலும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ரோலரக்கா எழுந்துபோய் அவள் பையின் வாரைச் சரிசெய்துவிட்டாள். சரியாகத்தான் இருந்தது அது.

அதிகாரி வருகிற அன்றைக்கு ரோலரக்கா பாதி ஷிப்டுக்கு விசிலிடம் அனுமதி கேட்டாள். எதிர்முனைக்காரி, போய்வா, நான் ஒரு கத்துக்குட்டியைப் பிடித்துவைத்துச் சமாளிக்கிறேன், விரிப்பெல்லாம் கசங்கினால் நோயாளி என்ன கோர்ட்டுக்கா போகப் போகிறான் என்றாள். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விசில் விட்டார்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தபோது இவள் எதிர்த்திசையில் உள்ளே போனாள். மைதானத்தில் இன்னும் சேறு. அறையில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதிகாரி வயசானவர். சட்டைப்பையில் நாலைந்து பேனா. பிள்ளைகளிடம் கனிவாகத்தான் பேசினார். பால் நல்லாருந்துச்சா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ரோலரக்கா உள்ளே வராமல் கதவோரம் நின்றாள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாடப்புத்தகத்தில் நடத்தாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து, படத்தைப் பார்த்து ஒரு கதையைச் சொந்தமாகச் சொன்னார்கள். அவரும் சிரித்துவிட்டார். திக்குகிற பையன் முதல் எழுத்திலேயே நின்று, உதட்டைக் கடித்து, கண் கலங்கிப் போனான். பூனை தன் இடத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடும் அசைந்தது. அதிகாரி அவனைத் தட்டிக்கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் பேனாவை மூடப்போனதை ரோலரக்கா பார்த்தாள்.

கடைசியாகப் பூனை. சத்தமில்லாமல் நடந்துபோய் நின்றாள். மரங்கொத்தியைப் பற்றின பாடம் அது. முதல் வரியை எப்போதும்போல விட்டு விட்டுப் படித்தாள். இரண்டாவது வரி. ஒரு வார்த்தை. நின்றாள். வகுப்பக்கா தன் கையிலிருந்த சாக்குக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சுகளில் ஒரு அசைவும் இல்லை.

பூனை திரும்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த அறையைப் பார்த்தாள், ஒரு சுற்று, மெதுவாக. பிறகு புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

மரங்கொத்தி பட்டையைத் தட்டிப் பார்ப்பதைப் படித்தாள். உள்ளே புழு இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்பதைப் படித்தாள். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் மூச்சுவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள். அதிகாரி முதலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அப்புறம் புன்னகைத்தார். பேனாவைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார். வகுப்பக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"போதும்மா. ரொம்ப நல்லாப் படிக்கறே" என்றார் அதிகாரி.

பூனைக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. பாடத்தின் கடைசி வரிக்கு வந்தாள். அதற்குக் கீழே இருந்த கேள்விகளையும் படித்தாள். முன்னைவிட மெதுவாகப் படித்தாள். ஒரு எழுத்தையும் விடாமல், அவசரமே இல்லாமல், படித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அங்கே வேறொரு பாடம் இருந்தது, உப்பு எப்படி விளைகிறது என்று. அதன் தலைப்பைப் படித்தாள்.

"போதும், பாப்பா. தேறிட்டே. போய் உட்காரு."

திக்குகிற பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கைதட்டலாமா என்று அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனை உப்பளத்துக்குள் தண்ணீர் பாய்வதைப் படித்துக்கொண்டிருந்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் வகுப்பக்காவைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. கதவோரம் நின்றவளைப் பார்த்து, நீங்கதானே அம்மா, கொஞ்சம் சொல்லுங்களேன் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

வெளியே வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. எதிர்முனைக்காரி இந்நேரம் கத்துக்குட்டியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பாள். விசில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரோலரக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பூனை எழுந்து போயிருந்த பெஞ்சில், அவள் இடத்தில், உட்கார்ந்தாள்.

"படிக்கட்டும் சார்" என்றாள். "வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கு."